கடைசி வரியில் வைத்த வளையல்

வண்டலூர் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்த பிறகும் பின்னாலிருந்து என் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. “தொப்பி வாங்கு தம்பி, வெயிலுக்குத் தொப்பி. கண்ணாடி வாங்கு பாப்பா, கலர் கலராக் கண்ணாடி.” கூவிக்கொண்டிருந்தது நான்தான். ஆனால் நான் ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரமாகத் தாம்பரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். மிருகக்காட்சி சாலைக்குப் போகிறவர்கள் இறங்கும் இடத்தில் ஒருவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் விற்றுவந்தார். அவருக்காக மூன்று மாதம் கூவினேன். ஒரு நாள் அவர் தன் போனை என் வாய்க்கு அருகே பிடித்து, தெளிவாக ஒரு தடவை சொல்லச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, இருப்பதிலேயே நன்றாகச் சொன்னேன். அடுத்த வாரம் அது ஒரு பென் டிரைவில் ஏறி, ஸ்பீக்கர் பெட்டிக்குள் போய், என்னைவிடச் சத்தமாக வெளியே வந்தது. அதற்கு டீ வேண்டாம், உட்கார இடம் வேண்டாம், இருமல் கிடையாது.

“கோச்சிக்காதண்ணா. உன் கொரலு இங்கதானே கீது” என்றார் தொப்பிக்காரர். அவர் சொன்னதில் பொய் இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து எனக்கு அதிகப் பழக்கமான காரியம் அது ஒன்றுதான்.

இன்று கூவல் தொழிலில் இருக்கிற உங்களில் பாதிப் பேர் கடையில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறீர்கள். அதை நான் குறை சொல்ல வரவில்லை. எனக்குத் தொண்டை போய்விட்டது. டாக்டர் உள்ளே விளக்கு விட்டுப் பார்த்துவிட்டு, இனி மெதுவாகப் பேசினால் போதும் என்று சொல்லிவிட்டார். இப்போது டீ வேண்டுமென்றால் விரலைக் காட்டுகிறேன். அதனால்தான் நீங்கள் கேட்டதைப் பேச்சாக இல்லாமல் எழுத்தாகத் தருகிறேன். மூச்சை எப்படிப் பிடிப்பது, வெயிலில் என்ன குடிப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை நீங்களே ஒரு கோடைக்காலத்தில் கற்றுக்கொள்வீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை நான் செய்த தப்பையும், அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்தில் செய்ய வேண்டியிருந்ததையும் மட்டும் சொல்கிறேன்.

பெருங்களத்தூரில் செருப்பின் வார் அறுந்தது. யாரோ போட்டுவிட்டுப் போன பார்சல் கயிற்றால் கட்டிக்கொண்டேன். தாம்பரத்தில் டீ குடிக்கும்போது எதிரில் இருந்தவரிடம் கிழமை கேட்டேன். வெள்ளி என்றார். எனக்குத் தெரிந்த நாட்காட்டி சந்தைகள்தான். வெள்ளி என்றால் பல்லாவரம். மின்சார ரயிலில் ஏறி, மூன்றாவது ஸ்டேஷனோ நாலாவதோ, கூட்டம் இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன்.

அந்தச் சந்தை உங்களுக்குத் தெரியும். புதுசாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஊசியிலிருந்து பழைய கம்ப்யூட்டர் வரை எல்லாம் தரையில் கிடக்கும். ஒரு பக்கம் ரோஜாச் செடிகள் தொட்டியோடு நிற்கும். ஒரு பக்கம் கூண்டில் லவ் பேர்ட்ஸ் கத்தும். நடுவில் மிளகாய்க் குவியல், உப்பு மூட்டை, நைட்டி மலை. அன்று காலை முழுக்க நான் யாரிடமும் கூவவில்லை. அதனால் பார்ப்பதெல்லாம் உள்ளே போய் வார்த்தையாகிக்கொண்டே இருந்தது. செவப்பு என்றால் செவப்புக்கு ஒரு வரி, மஞ்சள் என்றால் மஞ்சளுக்கு ஒரு வரி. உங்களுக்கும் இப்படி நடக்கும். நடந்தால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

வேலை தேடுகிற கூவுகாரன் சத்தமான கடைக்குப் போக மாட்டான், சத்தமில்லாத கடையைத் தேடுவான். வரிசையின் நடுவில் அப்படி ஒரு இடம் இருந்தது. இரண்டு பாய் அகலம். கண்ணாடி வளையல்கள் டஜன் டஜனாக நூலில் கட்டி, நிறம் நிறமாக அடுக்கியிருந்தன. பின்னால் ஓர் அக்கா. நாற்பது வயது இருக்கும். வலது மணிக்கட்டில் துணிப்பட்டை இறுகச் சுற்றியிருந்தது. கடைக்கு முன்னால் ஆள் இல்லை.

நான் நின்று பார்த்தேன். “வாங்கறதா இருந்தா உக்காருப்பா. இல்லன்னா வெளிச்சத்த மறைக்காத” என்றார்.

கூவ ஆள் வேண்டுமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்: “அவங்களுக்குக் கூவ ஆளு வேணாம்பா, வாங்க ஆளுதான் வேணும்.” பிளாஸ்டிக் சாமான் விற்கிறவர். பக்கெட், குவளை, கூடை என்று ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார். வரிசையில் எல்லோரும் அவரைப் பக்கெட் பாய் என்றார்கள். ஸ்பீக்கரில் அவர் குரலே ஓடிக்கொண்டிருந்ததால், அவர் பேசினால் ஒரே நேரத்தில் இரண்டு பாய் பேசுவதுபோல் இருந்தது.

அக்கா நிலைமையைச் சுருக்கமாகச் சொன்னார். அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கேயும் எழுதி வைத்ததில்லை, ஆனால் யாரும் மீறியதுமில்லை. மூன்று வெள்ளி தொடர்ந்து ஒரு கடையில் போணி ஆகாவிட்டால், அந்த இடத்தைப் பக்கத்துக் கடைக்காரர் விரித்துக்கொள்ளலாம். வந்து கடை போட்டால் மட்டும் போதாது. முதல் வியாபாரம் நடக்க வேண்டும். அதுவும் பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் நடக்க வேண்டும். வரிசைக் கடைக்காரர்கள் தங்களுக்குள் வாங்கிக்கொள்வது கணக்கில் வராது. வெளியாள் வாங்க வேண்டும்.

அக்கா ரயில்வே மேம்பாலப் படியில் விழுந்து மணிக்கட்டைப் பிசகிக்கொண்டு இரண்டு வெள்ளி வரவில்லை. இது மூன்றாவது. கட்டை அவிழ்க்காமலேயே வந்திருந்தார். பதினோரு வருடமாக அவர் உட்காரும் இடம் அது. ரயிலில் வருகிற கூட்டமும் பஸ்ஸில் வருகிற கூட்டமும் கலக்கும் இடம் அதுதான். அதை விட்டால் கடைசியில், பழைய இரும்புக்கும் அந்தப்பக்கம்தான் இடம் கிடைக்கும். அங்கே வளையல் வாங்குகிறவள் வர மாட்டாள்.

“மத்தியானம் சோறு போடுறேன். வேற ஒண்ணும் என்னால ஆகாது” என்றார். எனக்கு அது போதும்.

பக்கெட் பாய் கெட்டவரில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் கடை பாதி சாக்கடை மூடியின் மேல் இருந்தது. மழை பெய்தால் பக்கெட்டெல்லாம் மிதக்கும். அவருக்கும் இடம் தேவை. வழக்கம் அவர் பக்கம் இருந்தது. காலையிலிருந்து ஊதா பக்கெட் அடுக்கை ஒரு சாண் அக்கா பக்கம் நகர்த்தி வைத்திருந்தார். அவ்வளவுதான். அக்கா அதைப் பார்த்தார்.

மணி பத்தரை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு செங்கல்மேல் ஏறினேன். காலையிலிருந்து உள்ளே சேர்ந்ததெல்லாம் ஒரே மூச்சாக வந்தது.

வாங்கம்மா வாங்க வெள்ளிக்கிழம – வானவில்லு தரையில கீது
காஞ்ச மொளகா செவப்பு பாரு – கண்ணுல பட்டா காரம் ஏறும்
மஞ்சக் கெழங்கு மூட்ட பாரு – மத்தியான வெயிலு தோத்துப் போவும்
கூண்டுக்குள்ள குருவி பாரு – நீல வானம் துண்டு துண்டா
நைட்டிக் கடையில பூத்த பூவு – நாலு ஊருத் தோட்டம் பாரு
கல்லு உப்பு வெள்ள பாரு – கடலு காஞ்சு குந்திக் கீது
ரோசாச் செடியப் பாரு, தொட்டியில – ரோட்டப் பாத்து சிரிக்குது பாரு
ஊதா பக்கெட் அடுக்கு பாரு – ஊரே பாக்கும் ஒசரம் பாரு

கூட்டம் நின்றது. உண்மையிலேயே நின்றது. ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். ஒரு பெரியவர் தலையை ஆட்டித் தாளம் போட்டார். நான் ஒவ்வொரு வரிக்கும் கையை நீட்டி அந்தந்தக் கடையைக் காட்டினேன். எல்லா நிறமும் சொல்லி முடித்து, கடைசி வரியில் வளையலைக் கொண்டுவந்து வைப்பதாகத் திட்டம். எல்லா நிறமும் ஒரே இடத்தில் இருக்கிறது என்று சொல்லி முடித்தால் எப்படி இருக்கும்? மூச்சை இழுத்துக்கொண்டு அந்த வரிக்கு வந்தேன்.

கண்ணாடி வளையல் கலரு பாரு – கையில வந்து எல்லாம் சேரும்

என்று சொல்லிக் கீழே பார்த்தபோது எதிரில் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் தாளம் போட்ட பெரியவர். மற்றவர்கள் நான் கை காட்டிய இடங்களுக்குப் போய்விட்டார்கள். மிளகாய்க்காரர் சாக்குப்பை பிரித்துக்கொண்டிருந்தார். நைட்டிக் கடையில் தள்ளுமுள்ளு. பக்கெட் பாய் கடையில் ஊதா அடுக்கு இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது.

பாட்டு எழுதுகிறவன் நல்ல சரக்கைக் கடைசி வரியில் வைப்பான். அவனுக்கு எதிரில் இருப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நம் எதிரில் இருப்பவர்களுக்குக் கால் இருக்கிறது. இந்தத் தப்பை வேறு எந்தத் தொழிலிலும் செய்ய முடியாது. நான் செய்தேன்.

பாய் தானே ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார். “நல்லாப் பாடுன தம்பி. நம்ம கடைல எட்டுப் போயிடுச்சு” என்றார். கிண்டல் இல்லை, மனதாரச் சொன்னார். அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

அக்கா திட்டவில்லை. வளையல் கட்டுகளின்மேல் படிந்த தூசியை இடது கையால் தட்டிக்கொண்டே கேட்டார்: “நீ யாருக்குப்பா கூவுன?”

நாற்பது வருடம் இந்தத் தொண்டையால் பிழைத்தேன். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் பெரியது. உங்களுக்கு ஒன்றும் நினைவில் நிற்காவிட்டாலும் அந்தக் கேள்வி நிற்கட்டும். செங்கல்லில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் “வளையல், வளையல்” என்று வளையலை மட்டும் கூவினேன். ஒருவரும் வரவில்லை. பாட்டைக் கேட்டவர்களுக்கு வெறும் கூவல் ருசிக்கவில்லை. இரண்டு பேர் வந்து, அந்தப் பாட்டை இன்னொரு தடவை சொல்லும்படி கேட்டார்கள், போனில் எடுக்க வேண்டுமாம். மணி பன்னிரண்டை நெருங்கியது. பாய் அடிக்கடி போனை எடுத்து நேரம் பார்த்தார். தொழுகைக்குப் போகிறவர் பார்க்கத்தானே வேண்டும். ஆனால் அவர் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அக்கா தலை நிமிரும்.

பதற்றமான நேரத்தில் நாம் செய்கிற முதல் காரியம் இன்னும் சத்தமாகக் கத்துவது. நானும் அதைத்தான் செய்தேன். மூச்சு வாங்கியபோதுதான் நின்றேன். நின்றதால் ஒன்றைப் பார்த்தேன்.

பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் கடையைத் திரும்பியும் பார்க்காமல் போனாள். அக்காவின் இடது கை தானாகப் பச்சைக் கட்டின்மேல் போய்த் தங்கியது. மஞ்சள் பை தூக்கிய ஓர் அம்மா போனார். கை மஞ்சளுக்குப் போனது. செங்கல் நிறச் சுடிதாருக்கு நான் செவப்பு என்று நினைத்தேன். கை செவப்பைத் தாண்டி, பக்கத்தில் இருந்த காவிக் கட்டில் நின்றது. அக்காவுக்கு அது தெரியவே இல்லை. பதினோரு வருடப் பழக்கம். போகிற வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் கை அவர்களுடைய வளையலைத் தேடி எடுத்து, விட்டுக்கொண்டிருந்தது.

நான் சந்தையை வளையலில் கொண்டுவந்து முடிக்கப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் கொண்டுவந்திருக்க வேண்டும். அனுப்பினவர்களைத் திரும்பக் கூப்பிட முடியும். அவர்கள் கையில் இப்போது நிறம் இருக்கிறது. மறுபடி செங்கல்லில் ஏறினேன். இந்தத் தடவை கடைகளைக் காட்டவில்லை, ஆட்களைக் காட்டினேன்.

மொளகா வாங்கிப் போற அக்கா – அந்தச் செவப்பு இங்க கீது
மஞ்சப் பைய தூக்கும் அம்மா – அந்த மஞ்ச இங்க கீது
நைட்டி வாங்கி மடிச்ச தாயி – பூவுக்கொரு வளையல் கீது
குருவி வாங்கிப் போற அண்ணா – கோச்சிக்கினா அண்ணிக்கு கீது
ஊதா பக்கெட் வச்ச அம்மா – அந்த ஊதா இங்க கீது

சிரித்தார்கள். சிரித்தவர்கள் தங்கள் கையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டார்கள். கூண்டோடு போன ஆள் உண்மையிலேயே நின்று, அண்ணி கோபத்தில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டுப் போனார். வாங்கவில்லை. ஆனால் கூட்டத்துக்குள்ளிருந்து ஊதா பக்கெட் ஒன்று எங்களை நோக்கி வந்தது.

தூக்கிவந்தவர் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. நல்ல உயரம், நல்ல பருமன். பக்கெட்டை அக்கா முன்னால் வைத்துவிட்டு, இந்த நிறம் இருக்கிறதா என்று கேட்டார். அக்கா கையை நீட்டச் சொன்னார். நீட்டிய கையைச் செங்கல்மேலிருந்து எட்டிப் பார்த்தேன். தோல் பட்டறையில் இருபது வருடம் வேலை செய்த கை என்று பிறகு தெரிந்தது. விரல் முட்டிகள் ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு.

“ஞாயித்துக்கெழம பொண்ணுக்கு வளைகாப்புமா” என்றார் அவர். “அல்லார் கையிலயும் வளையல் இருக்கும். என் கை மட்டும் மொட்டையா இருக்கும். எங்க போனாலும் அளவு இல்லன்றாங்க.”

அக்கா தேடினார். ஊதாவில் பெரியது ‘ரெண்டு எட்டு’ என்கிற அளவுதான் இருந்தது. அந்தக் கைக்கு அதற்கு அடுத்த அளவு வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. அக்கா அந்தக் கையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு, “ஏறும்” என்றார்.

இடது கையில் ஆறும் ஏறிவிட்டன. மெதுவாக, ஆனால் ஏறின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செங்கல்மேல் நின்று போணி ஆகப்போகிறது, வந்து பாருங்கள் என்று கத்த ஆரம்பித்தேன். கூட்டம் சுற்றி வளைத்தது. பாயும் வந்து எட்டிப் பார்த்தார். வலது கை. முதல் வளையல் முட்டிவரை போனது. அங்கே நின்றது. அக்கா கட்டுப்போட்ட கையால் ஒரு அழுத்து அழுத்தினார். டிக் என்று ஒரு சத்தம். ஊதாத் துண்டுகள் தரையில் விரித்திருந்த பாயில் விழுந்தன.

அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டார். முகம் சிறுத்துவிட்டது. வளைகாப்புக்கு வாங்க வந்து உடைந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். தனக்கு விதித்தது இவ்வளவுதான், வேண்டாம் என்று எழப் பார்த்தார். வந்தவர் எழுந்துவிட்டால் போணி இல்லை. நான் அவரைச் சமாதானப்படுத்த இன்னும் உரக்கப் பேச ஆரம்பித்தேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “வாய மூடுப்பா. நீ கத்தக் கத்த இந்தம்மா கையி கல்லாவுது.”

மூடினேன். மூடிய பிறகுதான் எவ்வளவு சத்தத்துக்கு நடுவில் நிற்கிறோம் என்று தெரிந்தது. பாயின் ஸ்பீக்கர் அக்காவின் தலையிலிருந்து ஒரு முழத்தில் அலறிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம்தான். ஆனால் அவரிடம் நான் எந்த உரிமையில் கேட்பது? இன்னும் சில நிமிடம் சத்தம் இருந்தால் அவருக்கு இடம். கேட்டு, அவர் யோசித்து, பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா எழுந்துவிடுவார். இறங்கிப் போய், அவர் அடுக்கிலிருந்தே பெரிய பக்கெட் ஒன்றை எடுத்து, ஸ்பீக்கர்மேல் கவிழ்த்தேன்.

பாயின் குரல் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் ஆனது. கூட்டத்தில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். பாய் என்னைப் பார்த்தார், பக்கெட்டைப் பார்த்தார். எனக்கு அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து பக்கெட்டைத் தூக்கினார். தூக்கி, உள்ளே கைவிட்டு, ஸ்பீக்கரை அணைத்தார்.

“பக்கெட்ட கீறாத. விக்கற பொருளு” என்றார். அவ்வளவுதான்.

ஒரு கடை திடீரென்று அமைதியானால் சந்தையில் அது சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்கும். என்ன ஆனது என்று நைட்டிக்காரர் தன் ஸ்பீக்கரையும் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அக்கா அந்த அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வளையலை எடுக்கவில்லை. பொண்ணுக்கு எத்தனாவது மாதம் என்று கேட்டார். ஏழு. எந்த ஊரில் கொடுத்திருக்கிறது? மேடவாக்கம் பக்கம். மாப்பிள்ளை எப்படி? நல்ல பிள்ளைதான், ஆனால் எதற்கெடுத்தாலும் போனைப் பார்ப்பான். இதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது முதல் வளையல் ஏறியிருந்தது. எப்போது எடுத்தார், எப்போது கட்டைவிரலை உள்ளே மடித்தார், நான் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆனாலும் பார்க்கவில்லை.

இரண்டு. மூன்று. கண்ணாடியோடு கண்ணாடி உரசும் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தைவிட நல்ல கூவல் வளையலுக்கு இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்து ஏறின. உடைந்ததற்குப் பதில் இன்னொரு கட்டைப் பிரித்து ஆறாவதை எடுத்தார். பள்ளிவாசல் மைக் கரகரவென்று இருமியது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மேலே பார்த்தார்கள். அக்கா பார்க்கவில்லை. வளையல் முட்டியில் ஒரு கணம் நின்று, இறங்கியது.

அந்த அம்மா இரண்டு கையையும் தூக்கி ஒரு தடவை குலுக்கினார். பாங்கு ஆரம்பித்தது.

அக்கா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் கொடுத்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாய் பாக்கெட்டிலிருந்து வெள்ளைத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். ஊதா அடுக்கைக் காலால் தள்ளாமல், இரண்டு கையாலும் தூக்கி, பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு நடந்ததைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றி நின்றவர்களில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கைக்கே ஏறியதென்றால் எங்களுக்கு ஏறாதா என்று ஒருத்தி சொன்னதாக நினைவு. அக்கா தக்காளிச் சோறும் உருளைக்கிழங்கும் கொடுத்தார். நான் மூன்று மணிவரை இடையிடையே கூவினேன். யாராவது கையை நீட்டி உட்கார்ந்தால் மட்டும் நிறுத்தினேன். ஸ்பீக்கர் பெட்டியால் நம்மைவிடச் சத்தமாகப் பேச முடியும், நம்மைவிட நேரம் பேச முடியும். எதிரில் ஒரு கை இறுகுவது அதற்குத் தெரியாது. நீங்கள் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பொத்தானுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

பாய் தொழுதுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “நாளைக்கு இன்னா பண்ற?” என்று கேட்டார். சனி, ஞாயிறு அவர் லோடு ஆட்டோவில் பிளாஸ்டிக் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போவாராம். தன் குரலைக் கேட்டுத் தனக்கே அலுத்துவிட்டது என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

“என்ன ஏன் பாக்குற? போ” என்றார் அக்கா, வளையலைக் கட்டிக்கொண்டே. “எனக்கு எடம் கீது, கை கீது. அடுத்த வெள்ளிக்கி நீ இங்க நின்னுகினு கத்துனா எனக்குத்தான் பேஜாரு.”

நான் பாயிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். மழைக்காலம் வந்தாலும் அடுக்கு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “நானா கேட்டேன்? வழக்கம் கேட்டுச்சு. இப்ப அது வாய மூடிக்கிச்சு, நானும் மூடிக்கிட்டேன். வர்றியா இல்லியா?”

மறுநாள் காலை ஆறரைக்கு அனகாபுத்தூரில், ஆற்றுக்குப் போகிற ஒரு குறுகிய சந்தில், லோடு ஆட்டோவின் பின்னால் பக்கெட்டுகளுக்கு நடுவே நின்றேன். ஒரு வீட்டில் மட்டும் தறி ஓடிக்கொண்டிருந்தது. பாய் முன்பக்கமிருந்து தலையை வெளியே நீட்டி, ஆரம்பிக்கச் சொன்னார். மூச்சை இழுத்தேன். எதிர்வாசலில் ஒரு பெண், இரவெல்லாம் தூங்காத முகத்தோடு, அப்போதுதான் கண்ணை மூடிய குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்த பார்வையிலேயே கெஞ்சினாள்.

மூச்சை விட்டுவிட்டேன். ஒரு கையில் சிவப்பு, ஒரு கையில் பச்சை, இரண்டு பக்கெட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அவள் குழந்தையைத் தட்டுவதை நிறுத்தாமல், இன்னொரு கையால் பச்சையைக் காட்டினாள்.